38,000 ரூபாய் பவர் பெட்டியும் சும்மா வந்த தெர்மாகோல் பெட்டியும்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். பவர் பெட்டி, அதாவது கரண்ட் போனால் கைகொடுக்கும் பேட்டரிப் பெட்டி, 38,000 ரூபாய். தெர்மாகோல் பெட்டி சும்மா. தெருமுனை மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டும் வீட்டுக்கு வந்தது ஒரே காரணத்துக்காக. புயல் வந்து கரண்ட் போனால் எங்கள் வீட்டில் இருக்கும் மலைப்பாம்புக்கும் ஓணானுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது.

சிரிக்காதீர்கள். இரண்டுமே என்னுடையவை இல்லை, மகனுடையவை. 2024 தொடக்கத்தில் அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. முட்டைகூட வேகக் கூடாது என்று கண்டிஷன் போட்ட ஹவுஸ் ஓனரிடம் பாம்பு இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இரண்டும் இங்கே சென்னை மடிப்பாக்கத்திலேயே தங்கிவிட்டன, என் தலையில்.

நான் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா அடித்தபோது மரமும் கம்பமும் பின்னிக்கிடந்த தெருக்களில் நாள் கணக்கில் சோறு தண்ணி பார்க்காமல் வேலை செய்தவன். ‘கரண்ட் எப்ப சார் வரும்?’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. ஆகவே கரண்ட் சம்பந்தப்பட்ட எதுவும் என்னை ஏமாற்ற முடியாது என்றொரு மிதப்பு எனக்கு உண்டு. அந்த மிதப்பு எங்கே இறங்கியது என்பதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வீட்டு ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பாம்பு, பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்க இனம். பயந்தால் பந்து போலச் சுருண்டு தலையை உள்ளே வைத்துக்கொள்ளும், அதனால் அந்தப் பெயர். என் மாமியார் காதில் ‘பால்’ மட்டும்தான் விழுந்தது. ஒரு டம்ளரோடு வந்து, “மாப்ள, செவ்வாக்கிழம அதுவுமா வீட்டுக்கு வந்திருக்கு, ஊத்துங்க” என்றார். பாம்பு பால் குடிக்காது என்று நான் விளக்கியதை அவர் இன்றுவரை நம்பவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது: பால்பாண்டி. ஓணான், ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்காரர், பியர்டட் டிராகன். தாடை முழுக்க முள் முள்ளாகத் தாடி. பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கல்லில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அவருக்கு நான் வைத்த பெயர் சித்தர்.

பாம்பு வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டு மலைப்பாம்பு, உடும்பு, நட்சத்திர ஆமை எதையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. பாண்டி வெளிநாட்டு இனம்தான், ஆனால் சைட்டிஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறான். ஆகவே 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். மகன் செய்துவிட்டான். அந்தக் காகிதத்தை லேமினேட் போட்டு, ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் அதே கவரில் வைத்திருக்கிறேன். புயல் நேரத்தில் பாம்பைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போக நேர்ந்தால், வழியில் கேட்பவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டு நிற்க முடியாது.

இப்போது மிக்ஜாமுக்கு வருகிறேன். இவற்றை வாங்க வைத்தது அந்தப் புயல்தான்.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை இரவு. மகன் அப்போது எங்களோடுதான் இருந்தான். கரண்ட் பத்து மணிக்கு நின்றது. அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். வீடுகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் தெருவோர பில்லர் பாக்ஸுக்குள் தண்ணீர் ஏறினால் லைனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தாவிட்டால் பக்கத்தில் கால் வைப்பவன் பிழைக்க மாட்டான். தண்ணீர் வடிந்த பிறகும் திறந்து, துடைத்து, காயவைத்து, கேபிளில் கசிவு இருக்கிறதா என்று மெக்கர் மீட்டர் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பக் கரண்ட் விடுவார்கள். எங்கள் தெருவுக்கு நாலு நாள் பிடித்தது. நான் சர்வீஸில் இருந்திருந்தாலும் அதே நாலு நாள்தான்.

குறை என்னிடம் இருந்தது. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரியோடு. எங்கே வைத்திருந்தேன் தெரியுமா? மாடிப்படிக்குக் கீழே, சக்கரம் வைத்த ட்ராலியில், தரையிலிருந்து நாலு அங்குல உயரத்தில். திங்கட்கிழமை விடியற்காலை தண்ணீர் வாசப்படி தாண்டி உள்ளே வந்தபோது வீட்டில் முதலில் மூழ்கியது அதுதான். ஊருக்கெல்லாம் ‘ஸ்விட்ச் போர்டை உயரத்தில் வையுங்கள்’ என்று சொன்னவன் வீட்டுக் கதை இது. (இப்போது சுவரில் ஆங்கிள் அடித்து நாலடி உயரத்தில் ஏற்றிவிட்டேன். மனைவி கோமதி அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள்.)

நாலடிக் கண்ணாடித் தொட்டியை மண்ணோடு தூக்க நாலு பேர் வேண்டும். விட்டுவிட்டோம். பாண்டியைத் தலையணை உறைக்குள் விட்டு, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, கையில் கிடைத்த தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தோம். சித்தரைத் துணிக்கூடையில் போட்டு மேலே துண்டு. மேல் வீட்டில் குடியிருப்பவர்களிடம் “கொஞ்சம் முக்கியமான சாமான்” என்று மட்டும் சொல்லி ஒரு மூலையைக் கேட்டு வாங்கினேன்.

அந்தத் தெர்மாகோல் பெட்டி எது என்பதில் இருந்தது வினை. பாண்டிக்கு உணவு உறைந்த எலி. கூரியரில், ஐஸ் ஜெல்லோடு, தெர்மாகோல் பெட்டியில் வரும். நாங்கள் எடுத்தது அந்தப் பெட்டி. பாம்புக்கு மூக்கும் நாக்கும்தான் உலகம். இரவெல்லாம் எலி வாசனையில் கிடந்தவனைக் காலையில் பார்க்கலாம் என்று உறையைத் தடவினேன். உள்ளிருந்தபடியே துணியோடு சேர்த்து என் கட்டைவிரலைப் பிடித்தான். விஷம் கிடையாது, ஊசி குத்தினாற்போல் வரிசையாக ரத்தப் பொட்டு. அதுவரை அவன் யாரையும் கடித்ததில்லை. அவன் மேல் தப்பும் இல்லை. பிரியாணி அண்டாவுக்குள் ஒருவனைப் படுக்க வைத்துவிட்டு, பசிக்கிறதே என்று திட்டினால் எப்படி?

இரண்டாவது தப்பும் என்னுடையதே. ‘காஞ்சு போயிடக் கூடாது’ என்று துண்டை நனைத்துப் பெட்டிக்குள் போட்டேன். வெளியே ஊரே ஊறிக்கொண்டிருக்கும்போது உள்ளேயும் ஈரம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் மலைப்பாம்புக்குச் சளி பிடிக்கும், அதாவது நுரையீரல் தொற்று. பத்து நாள் கழித்து மூக்கில் குமிழி விட்டது, வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். ஊர்வன பார்க்கத் தெரிந்த டாக்டரைத் தேடிப் பிடித்து ஊசி மேல் ஊசி. உடம்பின் முன்பாதியில்தான் ஊசி போட வேண்டுமாம். பின்பாதியில் போட்டால் மருந்து நேரே சிறுநீரகத்துக்குப் போக வாய்ப்பு உண்டு என்றார். குணமாக ஒன்றரை மாதம் ஆனது.

இவ்வளவு பட்ட பிறகு எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஈரம்தான் எதிரி என்று. தோன்றவில்லையே. ‘கரண்ட் இருந்திருந்தால் ஹீட்டர் ஓடியிருக்கும்’ என்றுதான் தோன்றியது. மின்வாரியத்துக்காரன் புத்தி.

அப்படி வாங்கியதுதான் பவர் பெட்டி. கையில் தூக்கிக்கொண்டு போகிற லித்தியம் பேட்டரி, கூடவே இன்வெர்ட்டர், எல்லாம் ஒரே டப்பாவில். 512 வாட் அவர், அதாவது ஒரு வாட் சாமானை 512 மணி நேரம் ஓட்டும் சரக்கு; 600 வாட் வரை இழுக்கும், ஏழு கிலோ சொச்சம். பிராண்ட் பெயரைச் சொல்லவில்லை. நான் குறை சொல்லப்போகும் குணம் பல கம்பெனிப் பெட்டிகளில் இருக்கிறது, ஒருவரை மட்டும் ஏன் இழுக்க வேண்டும்?

நல்லதை முதலில் சொல்கிறேன். வெளியே வருவது சுத்தமான சைன் வேவ், அதாவது வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை. பழைய இன்வெர்ட்டரில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாட்டினால் ‘ங்ங்ங்’ என்று இரையும், டிஸ்ப்ளே துடிக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. சுவரில் செருகி வைத்தால் மூன்று மணி நேரத்தில் நிறைகிறது. கரண்ட் போன நொடியில் தானே மாறிக்கொள்கிறது, தெர்மோஸ்டாட்டில் வைத்த செட்டிங் அழிவதில்லை. எத்தனை வாட் போகிறது என்று திரையில் காட்டுகிறது. என்னைப் போன்றவனுக்கு டி.வி. பார்ப்பதைவிட அது சுவாரசியம். ஒற்றைக் கையால் மாடிக்குத் தூக்கிப் போய்விடலாம். மிக்ஜாம் நினைவிருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

வாங்கிய வாரமே மெயினை இறக்கிவிட்டுச் சோதனை பார்த்தேன். சித்தருக்கு வெயில் காய 75 வாட் ஹாலஜன் பல்பு. அவர் காய்கிற கல் 38லிருந்து 40 டிகிரி வரை சுட வேண்டும், அப்போதுதான் தின்றது செரிக்கும். அந்தப் பல்பை மாட்டினேன். ஐந்து மணி நேரத்தில் பெட்டி படுத்துவிட்டது. 38,000 ரூபாய்க்கு ஒரு ஓணான் ஐந்து மணி நேரம் வெயில் காய்ந்தது!

அடுத்து பாண்டியின் ஹீட் மேட், அதாவது அடியில் வைக்கும் சூடு தரும் விரிப்பு. 16 வாட், தெர்மோஸ்டாட் வழியாக. சூட்டுப் பக்கம் 32 டிகிரி வந்ததும் நிற்கும், இறங்கினால் ஓடும். கணக்குப் பார்த்தால் சராசரி ஏழு வாட்டுக்கு மேல் போகாது. மூன்று நாள் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒரே நாளில் 70 சதவீதம் காலி. மேட்டைக் கழற்றிவிட்டு வெறும் பெட்டியை ஏ.சி. ஸ்விட்ச் போட்டபடி ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். சும்மாவே கிட்டத்தட்ட 40 சதவீதம் இறங்கியிருந்தது. உள்ளே இருக்கும் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டிருப்பதற்கே எட்டு வாட் தின்கிறது. பண்ணையாரைவிடக் கணக்குப்பிள்ளைக்கு அதிகச் சாப்பாடு. கடைக்காரர்கள் விற்கும்போது 512ஐ வாட்டால் வகுத்துக் காட்டுவார்களே, அந்தக் கணக்கில் இந்தக் கணக்குப்பிள்ளை வரவே மாட்டார்.

இதற்கு வழி இருக்கிறது. சுவர் ப்ளக் மாதிரி இருக்கும் ஓட்டையை விட்டுவிட்டு, யூ.எஸ்.பி. ஓட்டையில் ஓடும் சின்ன மேட் வாங்கிக்கொண்டால் இன்வெர்ட்டரை எழுப்பவே வேண்டாம். மகன் அனுப்பிவைத்தான். பிளாஸ்டிக் டப்புக்கு வெளியே, அடியில் ஒரு ஓரமாக மட்டும் வைத்து, உள்ளே எத்தனை டிகிரி வருகிறது என்று ஒரு நாள் முழுக்க அளந்து பார்த்த பிறகே பாண்டியை விட்டேன். அதில் ஒரு நாளைக்கு 35 சதவீதம்தான் ஆகிறது. தெர்மாகோலுக்கு அடியில் மட்டும் மேட் வைக்காதீர்கள். சூடு வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கிச் சுட்டுவிடும்.

நிஜப் பரீட்சை 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் அன்று ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. காலையிலிருந்து இங்கே கொட்டித் தீர்த்தது, விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் காலை பத்து மணிக்குப் போன கரண்ட் மறுநாள் விடியற்காலை இரண்டுக்குத்தான் வந்தது. (யூ.எஸ்.பி. மேட் அப்போது இன்னும் வரவில்லை, பழைய மேட்தான்.) பெட்டியைப் பாண்டிக்கு மாட்டிவிட்டுப் பெருமையோடு படுத்தேன். மகனுக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். ராத்திரி ஒரு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவன் பார்க்கிறேன், திரை இருட்டு. பேட்டரி காலியா? இல்லை, பட்டனை அழுத்தினால் 64 சதவீதம் காட்டுகிறது.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தைத் தேடினேன். எறும்பு எழுத்து, அதுவும் ஆங்கிலம், அதிலும் பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி: இருபது வாட்டுக்குக் கீழே இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடினால், யாரும் இல்லை என்று நினைத்து மின்சாரத்தைச் சிக்கனம் பண்ணப் பெட்டி தானாக அணைந்துவிடும். என் மேட் 16 வாட். அதன் கணக்கில் அங்கே பாம்பே இல்லை. மெனுவில் போய் அதை நிறுத்திவைக்கலாம், பட்டனை இப்படி அப்படி ஐந்து தரம் அழுத்தினால் கிடைக்கிறது. முப்பத்திரண்டு வருட சர்வீஸ், புத்தகம் படிக்காமல் சோதனை பார்த்தேன். சோதனை நாட்களில் ராப்பகலாக நான் அடிக்கடி பட்டனை அழுத்தித் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் சோதனையில் அது அணையவே இல்லை. நீங்கள் எந்தக் கம்பெனிப் பெட்டி வாங்கினாலும், குறைந்த லோடில் தானே அணையுமா, அதை நிறுத்த முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஃபோன் சார்ஜ் போடுபவருக்கு இது பிரச்சினையே இல்லை. பாம்பு வைத்திருப்பவனுக்கு அதுதான் பிரச்சினை.

அன்று ராத்திரி நடந்த இன்னொரு விஷயம்தான் முக்கியம். பெட்டி எப்போது அணைந்ததோ தெரியாது. சூட்டுப் பக்கம் 26 டிகிரிக்கு இறங்கியிருந்தது. பாண்டி? பானை ஓட்டுக்குள் சுருண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். எதுவும் ஆகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் கரண்ட் போனால் வீட்டுக்குள் ஐந்து டிகிரிக்கு இறங்குகிற ஊர்க்காரர்கள் எடுத்தவை. அங்கே ஹீட்டர் உயிர். நம் ஊரில் டிசம்பர் ராத்திரி பெரும்பாலும் 21, 22தான், ஜன்னலை அடைத்த வீட்டுக்குள் 25. வயிறு காலியாக இருக்கிற மலைப்பாம்புக்கு அந்த 25இல் ரெண்டு மூன்று நாள் ஒரு விஷயமே இல்லை.

‘வயிறு காலியாக’ என்பதைக் கவனியுங்கள். பாம்புக்கும் ஓணானுக்கும் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. வெளியிலிருந்து சூடு கிடைத்தால்தான் செரிமானம். தின்ற எலி வயிற்றில் இருக்கும்போது சூடு நின்றால் அது அங்கேயே அழுகும், கக்கிவிடும். அதனால் இப்போது வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று செய்தியில் சொன்ன நாளே பாண்டிக்குச் சாப்பாடு கட். வளர்ந்த பால் பைத்தான் வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும், கவலையே வேண்டாம். சித்தருக்கும் மூன்று நான்கு நாள் தாங்கும். குடிக்கத் தண்ணீர் மட்டும் கட்டாயம். இந்த ஏற்பாட்டுக்கு ஆன செலவு பூஜ்ஜியம், பவர் பெட்டி செய்த வேலையைவிட இது செய்யும் வேலை பெரிது.

எலி என்றதும் ஃப்ரிட்ஜ் நினைவுக்கு வருகிறது. ஃப்ரீசரில் ஒரு டப்பாவில் பாண்டியின் ரேஷன் இருக்கும். கீழே இட்லி மாவு. இந்த வீட்டில் கல்யாணமாகி முப்பது வருடத்தில் நடந்த பெரிய சண்டைகளில் ஒன்று அந்த டப்பாவைப் பற்றியது. மிக்ஜாமில் ஃப்ரீசர் உருகியபோது என்ன வாசனை வந்தது என்று எழுத மாட்டேன். உருகிய எலியைத் திரும்ப உறைய வைத்துக் கொடுக்கக் கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான். இப்போது நவம்பர், டிசம்பரில் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டாக் வைப்பதில்லை.

சரி, தெர்மாகோல் பெட்டி. மருந்துக்கடைக்கு இன்சுலினும் தடுப்பூசியும் வரும் பெட்டி. ஒரு அங்குலச் சுவர், மேலே அழுத்தி மூடும் மூடி. எலி வாசனை கிடையாது. பக்கவாட்டில் பேனா முனையால் எட்டுப் பத்து ஓட்டை போட்டேன், அவ்வளவுதான் வேலை. மீன் மார்க்கெட்டில் பெரிய சைஸில் கிடைக்கும், ஆனால் எத்தனை கழுவினாலும் நாற்றம் போகாது. பாண்டியின் மூக்கு விஷயத்தில் நான் ஏற்கெனவே ஒரு விரல் கொடுத்தாயிற்று.

ஃபெஞ்சலுக்குப் பிறகு ஜனவரியில் ஒரு ராத்திரி, கரண்ட் இருக்கும்போதே, இதையும் சோதித்தேன். பாண்டியைத் தொடவில்லை, வெறும் உறைக்குள் வெப்பம் காட்டும் மீட்டரை மட்டும் வைத்தேன். அடுப்பில் தண்ணீர் காய்ச்சினேன், கேஸுக்குக் கரண்ட் வேண்டாம். கை பொறுக்கும் சூட்டில் ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றி, துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு மூலையில் வைத்து மூடினேன். மூடும்போது உள்ளே 24. அரை மணியில் 30. ஐந்து மணி நேரம் கழித்தும் 27. அதாவது ராத்திரி ஒரு தரம், விடியற்காலை ஒரு தரம் தண்ணீர் மாற்றினால் போதும். பேட்டரி இல்லை, மெனு இல்லை, பதினான்காம் பக்கம் இல்லை. துண்டு மட்டும் காய்ந்த துண்டாக இருக்க வேண்டும், பாட்டில் மூடியை இரண்டு தரம் முறுக்கிப் பார்க்க வேண்டும். அந்த ஈரப் பாடத்தை மறுபடி படிக்க எனக்கு விருப்பமில்லை.

சிலர் உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலத்தைப் பெட்டிக்குள் போடுகிறார்கள். மலைக்குப் போகிறவர்கள் வாங்குவது. உள்ளே இருக்கும் இரும்புத் தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுதான் சூடாகிறது. மூடிய பெட்டியில் பாம்புக்குப் போட்டியாக அதுவும் மூச்சு விடும். சூடும் நம் கையில் இல்லை. வேண்டாம். அதே போல மெழுகுவத்தி, கொசுவத்தி, பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் புகை எதுவும் இவை இருக்கும் அறைக்குள் வரக் கூடாது.

இந்தப் பெட்டியின் அருமை மே மாதத்தில்தான் இன்னும் தெரிந்தது. அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் டிரான்ஸ்ஃபார்மர் மக்கர் செய்து நாலு மணி நேரம் போனது. ஃபேன் இல்லாத அறையில் கண்ணாடித் தொட்டிக்குள் 35ஐத் தொட்டுவிட்டது. சென்னைக்காரன் பயப்பட வேண்டியது இதற்குத்தான். பால் பைத்தானுக்கு 35க்கு மேலே போனால் சூடு தலைக்கேறிவிடும். குளிரில் நாள் கணக்கில் தாங்குகிறவன் சூட்டில் மணிக்கணக்குகூடத் தாங்க மாட்டான். அதே பெட்டி, அதே துண்டு. வெந்நீர் பாட்டிலுக்குப் பதில் ஃப்ரீசரில் உறையவைத்த பாட்டில். அரை மணியில் 29க்கு வந்துவிட்டது. பவர் பெட்டி அன்று ஒரு டேபிள் ஃபேன் ஓட்டியது, அதையும் சொல்லிவிட வேண்டும். 40 வாட் ஃபேன், சாயங்காலம் வரை சளைக்காமல் ஓடியது.

சித்தருக்குத் தெர்மாகோல் பெட்டி பிடிக்கவில்லை. நகத்தால் பிறாண்டி வெள்ளை உருண்டைகளை உதிர்த்து, அதையே நக்கிப் பார்க்கிறார். அவருக்குப் பிளாஸ்டிக் கூடைதான். சூட்டைவிட ஈரம்தான் அவருக்கு ஆகாது. பாலைவனத்துக்காரருக்கு 30, 40 சதவீத ஈரப்பதம் சுகம், புயல் நாளில் எங்கள் ஹாலில் 93. மண்ணை எடுத்துவிட்டு நியூஸ் பேப்பர் போட்டு நாளுக்கு ரெண்டு தரம் மாற்றுகிறேன். மழை விட்ட மறுநாளே இங்கே சூரியன் வந்துவிடும், மொட்டை மாடியில் அரை மணி நேரம் போதும். அவருக்கு வேண்டிய அல்ட்ரா வயலட் சாதாரணப் பல்பில் வராது, கண்ணாடி வழியாகவும் வராது. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் வெந்தே போய்விடுவார். கூடைக்கு மேலே வலை போட்டுப் பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருப்பேன். மடிப்பாக்கம் காக்கைகளுக்குச் சித்தர், ஓணான் எல்லாம் ஒன்றுதான்.

மழைக்கு இன்னொரு விருந்தாளி எறும்பு. வளை நிறைந்ததும் வரிசை கட்டித் தொட்டிக்குள் வரும், தூங்குகிற பாம்பின் கண்ணோரத்தில்கூடக் கடிக்கும். எறும்பு சாக்பீஸ், மருந்து எதுவும் கிட்டே கூடாது. பாட்டி சாப்பாட்டு அலமாரிக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்தாரே, அதே ஏற்பாடு: ஸ்டாண்டின் நாலு காலுக்கும் நாலு டப்பா.

வாங்கியதிலேயே பணத்துக்கு மேல் வேலை செய்வது எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் 350 ரூபாய்க்கு வாங்கிய டிஜிட்டல் மீட்டர். வெப்பம், ஈரப்பதம் இரண்டும் காட்டும், நீளமான சென்சார் ஒயர் உண்டு. கண்ணாடியில் ஒட்டுகிற முள் வைத்த வட்ட மீட்டரை நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் இருந்தது வருடம் முழுக்க 60இலேயே நின்றது. டிஜிட்டலையும் அப்படியே நம்பாமல் உப்பில் போட்டுச் சோதித்தேன். பாட்டில் மூடியில் உப்பு, ஈரமாகும் அளவுக்கு நாலு சொட்டுத் தண்ணீர், மீட்டரோடு சேர்த்து ஜிப் பையில் ஒரு ராத்திரி. காலையில் சரியாக 75 காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது. ஆறு கூட்டிக்கொள்கிறேன், தீர்ந்தது.

இனி பவர் பெட்டி வாங்கலாமா என்றால், பாம்புக்காக வாங்காதீர்கள். வீட்டுக்காக வாங்கினால் சரி. ஃபெஞ்சல் அன்று சாயங்காலமே கோமதி, “என்னங்க, பாம்பு தூங்குது, கிரைண்டர் ஓடுமா அதுல?” என்று கேட்டாள். மிக்ஸியை மாட்டினால் 600ஐத் தாண்டி டிரிப் ஆகும் என்று எனக்குத் தெரியும். டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட், ஓடியது. மேல் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் சேர்த்து மாவு ஆட்டியாயிற்று, தெருவில் ஏழு ஃபோனுக்குச் சார்ஜ் போட்டாயிற்று. ராத்திரி 64 சதவீதம்தான் இருந்தது என்றேனே, மீதியில் பெரும்பங்கு உளுந்துக்குப் போனது.

தெர்மாகோல் பெட்டி இப்போது நான்கு சேர்ந்துவிட்டது. பாண்டிக்கு ஒன்று, ஸ்பேர் ஒன்று, உறைந்த பாட்டிலுக்கு ஒன்று, இன்னொன்று மாமியார் தயிர் உறையவைக்கக் கேட்டு வாங்கிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் நான் போனாலே, “சார், புதுசா ஒண்ணு வந்திருக்கு, எடுத்து வைக்கவா?” என்கிறார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.